முள்கரண்டியால் அழுத்திப் பார்த்த இட்லி

1

வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்குப் பயிற்சி நாள் என்று ஒன்று வைப்பார்கள். நான் வேலை பார்ப்பது வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். பதினான்கு வருஷமாக அதே சமையலறை, ஏப்ரன் மாட்ட அதே கொக்கி. பயிற்சி தர வரும் பெண் மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதியவள். இந்த முறை வந்தவளுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. அவித்த கேரட் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தாள். அதன்மேல் முள்கரண்டியை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"நகம் வெளுக்கிற வரை அழுத்துங்கள். கேரட் நசுங்க வேண்டும். கரண்டியை எடுத்த பிறகு பழைய உருவத்துக்குத் திரும்பக் கூடாது. அப்போதுதான் அதற்கு சாஃப்ட் என்று பெயர்" என்றாள்.

கடைசியில் ஒரு படிவம் வந்தது. இந்த ஊரில் தும்மினால்கூட ஒரு படிவம் உண்டு. 'சாஃப்ட் என்றால் என்ன என்பது எனக்குப் புரிந்தது' என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போடவேண்டும். எல்லோரும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். "ஏதாவது புரியவில்லையா?" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டாள். "எல்லாம் புரிந்தது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இரண்டு நாளில் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் படையல், அதனால்தான் கை ஓடவில்லை என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

2

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கை கால் மட்டும் விழுவதில்லை, சிலருக்கு விழுங்கும் தசையும் தளர்ந்துவிடும். அவர்கள் தின்பது இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அதனால் இங்கே சாப்பாட்டைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வழவழவென்று அரைத்தது, கொத்தி ஈரமாக வைத்தது, சாஃப்ட், சாதாரணம். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் ஒரு படி. அது தப்பினால் உயிருக்கு ஆபத்து, எங்களுக்கு வேலை போகும்.

சாஃப்ட் என்பது நான் விமானம் ஏறும்போது கையில் வைத்திருந்த பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களில் ஒன்று. புதுச்சேரியில் அதை இங்கிலீஷ் என்றே யாரும் நினைப்பதில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போய் வந்தவர்கள் "பையன் ரொம்ப சாஃப்ட்" என்பார்கள். என்னைக் கட்டிக்கொடுக்கும்போதும் அப்படித்தான் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் உண்மையிலேயே சாஃப்ட்தான். லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருப்பதில்லை, மீதி நாளில் பேசுவதில்லை. இங்கே வந்த புதிதில் எதற்கோ நான் அழுதபோது கூட வேலை பார்த்த பெண் "சாஃப்டாக இருக்காதே" என்று முதுகில் தட்டினாள். இரக்கப்படாதே என்கிறாளோ என்று குழம்பினேன். இந்தப் பக்கத்தில் அதற்கு அசடாக இருக்காதே என்று அர்த்தமாம். இப்போது என் மகன் போனில் அதையே என்னிடம் சொல்கிறான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். வேறு ஊரில் வேலை. மாதம் ஒரு போன்.

ஒரு விடுமுறை நாளில், போக்கிடம் இல்லாமல், ஊர் நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்து இந்தச் சொல்லைப் பார்த்தேன். தொட்டுப் பார்க்கிற பொருளுக்கு அந்தச் சொல் பிறகுதான் வந்ததாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் அதற்கு இதமான, அமைதியான, கஷ்டமில்லாத என்றுதான் பொருள். தூக்கம் சாஃப்டாக இருக்கும், மனிதர் சாஃப்டாக இருப்பார். அதற்கப்புறம்தான் படுக்கை, பஞ்சு, ரொட்டி எல்லாம். இன்னும் பின்னால் தோண்டினால், பொருந்தியிருப்பது, ஒன்றாயிருப்பது என்று ஒரு வேர் இருக்கக்கூடும் என்று போட்டிருந்தது. அந்தப் பெரிய மேஜையில் நான் மட்டும் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நம்முடையது மட்டும் குறைந்ததா? மெதுவடையிலும் மெது, மெதுவாகப் போ என்பதிலும் மெது. மெல்லிய துணி, மெல்லப் பேசு, வாயில் போட்டு மெல்லு. எல்லாம் ஒரே வேரா என்று சொல்ல நான் தமிழாசிரியை இல்லை. அப்பா பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஒன்றில் அட்டெண்டராக இருந்தவர். மாடிப்படியில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்து "தூஸ்மா, தூஸ்மா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். அதன் மூலச் சொல்லுக்கு இனிப்பு என்றும் பொருள் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவருக்கு அது தெரிந்திருக்காது. அவர் பிள்ளைகள் விழாமல் இருந்தால் போதும் என்று சொன்னவர்.

3

போன வருஷம் பொங்கல் கழிந்த பத்தாம் நாள் தம்பி குமரன் போன் பண்ணினான். அப்பாவுக்குப் பக்கவாதம். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வலது கை வரவில்லை, பேச்சு குழறுகிறது, ஆனால் ஆளைத் தெரிகிறது. "ஒன்கிட்ட அப்பவே சொன்னா நீ அங்க தனியா கெடந்து அழுவ. அதான் வீட்டுக்கு வந்தப்பறம் சொல்றேன்" என்றான்.

ஊரில் இரவுப் பலகார நேரம் எனக்கு மதியம் இரண்டு மணி. எனக்கும் அப்போதுதான் இடைவேளை. ஓய்வறையில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். தம்பி மனைவி செல்வி அப்பாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். கையில் தட்டு. தட்டில் இரண்டு இட்லி.

முத்தியால்பேட்டையில் மட்டுமா, நம் ஆட்கள் இருக்கிற எந்த ஊரிலும் அப்படித்தான். காய்ச்சலா, இட்லி. ஆபரேஷனா, கண் விழித்ததும் இட்லி. நோயாளி இட்லி சாப்பிட்டான் என்றால் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தான். ஆனால் வருஷக்கணக்காகச் சாப்பாட்டை முள்கரண்டியால் அழுத்திப் பார்த்தவள். நல்ல இட்லியை அழுத்தினால் எழும்பி நிற்கும். வாய்க்குள் போனால் ரொட்டி மாதிரி பந்தாகத் திரளும். விழுங்க முடியாதவருக்கு அதைவிட மோசமான பண்டம் இல்லை. இரண்டாவது விள்ளலில் அப்பா இருமினார். முகம் சிவந்தது.

"நிறுத்து! நிறுத்து செல்வி! வாயிலேர்ந்து எடு!" என்று கத்தினேன். ஓய்வறையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குமரன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "என்னாக்கா இப்பிடி கத்தற? அவரு பயந்துட்டாரு பாரு."

"இட்லி குடுக்கக் கூடாதுடா. அடைச்சிக்கும்."

"இட்லிய வுட மெத்துனு என்னா இருக்கு ஒலகத்துல? ஆஸ்பத்திரிலயே இட்லிதான் குடுத்தாங்க."

"எனக்குத் தெரியும்டா. என் வேலையே இதான்."

"நீ என்ன டாக்டரா? அங்க சமையக்கட்டுலதான நிக்கற?"

அவன் கெட்டவன் இல்லை. நான்கு நாள் தூங்காதவன். ஆனாலும் அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. நான் மறுபடி சமையலறைக்குப் போய், பெயர் தெரியாத யாருடைய அப்பாவுக்கோ உருளைக்கிழங்கை வழவழவென்று மசித்து, நகம் வெளுக்க அழுத்திப் பார்த்துத் தட்டில் வைத்தேன்.

4

உடனே கிளம்பு என்றுதான் மனசு சொன்னது. லீவு படிவத்தில் 'நோயாளி உங்களைச் சார்ந்து வாழ்பவரா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். உண்மைதானே. என்னைச் சார்ந்து யார் வாழ்கிறார்கள்? பிறகு விசா. பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி, இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பதிலாகத் தருகிற அட்டையை அடுத்த மாதம் வாங்கலாம், அடுத்த மாதம் வாங்கலாம் என்று விட்டுவிட்டேன். அதனால் இணையத்தில் விசாவுக்கு எழுதிப்போட வேண்டியிருந்தது. பிறந்த ஊர் புதுச்சேரி. தந்தை பிறந்த ஊர் புதுச்சேரி. பார்க்க விரும்பும் இடங்கள்? புதுச்சேரி. புகைப்படத்தின் பின்புறம் வெள்ளையாக இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது நாள் ஆயிற்று.

அந்த ஒன்பது நாளும் மதியம் இரண்டு மணிக்கு நான் போனில் அப்பா சாப்பிடுவதைப் பார்த்தேன். நான் பார்க்கும்போது கஞ்சி கொடுத்தார்கள். பார்க்காத வேளையில் என்ன கொடுத்தார்களோ.

5

பெட்டியில் துணிமணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். உணவைக் கெட்டிப்படுத்துகிற பவுடர் ஆறு டப்பா, ஒரு சல்லடை, ஒரு முள்கரண்டி. எங்கள் வீட்டில் முள்கரண்டி கிடையாது.

போன அன்றே சமையலறையைப் பிடித்துக்கொண்டேன். செல்வி நல்ல பெண், ஒதுங்கிக்கொண்டாள். பருப்பு, கேரட், சோறு எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு, சல்லடையில் தேய்த்து, பவுடர் கலந்து, கரண்டியைச் சாய்த்துச் சோதித்துக் கொடுத்தேன். இங்கிலாந்தில் இருந்தால் அந்தத் தட்டுக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள். அப்பா மூன்று கரண்டி வாங்கினார். நான்காவதற்கு உதட்டை மூடிக்கொண்டார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இரண்டு கரண்டி. "கொழந்தைக்கி ஊட்றதயா எனக்கு ஊட்ற?" என்று குழறிக்கொண்டே கேட்டார். இடது கையால் கிண்ணத்தைத் தள்ளினார்.

பார்க்க வந்த டாக்டர் அவருடைய கன்னத்தையும் நாக்கையும் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னும் நாலு நாள் பாப்போம்மா. வாய் வழியா சரியா போகலன்னா மூக்குல டியூப் போட்டுதான் ஆகணும்" என்றார். டியூப் போட்டவர்களை நான் இல்லத்தில் தினமும் பார்க்கிறேன். கண் அசந்தால் பிடுங்கிவிடுவார்கள். அப்பா கண்டிப்பாகப் பிடுங்குவார். நான் பயந்துபோனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நடுவே பார்க்க வருகிறவர்கள். பிரெட், பால் பன், ஹார்லிக்ஸ். வந்து உட்கார்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "என்னா சாப்ட்டாரு?" பக்கத்துத் தெரு அத்தை ஒருத்தி, "ஒரு இட்லிகூடவா குடுக்க மாட்ட, பெத்த பொண்ணு?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செல்வி எங்களுக்காக ஊற்றி வைத்திருந்த இட்லியில் ஒன்றை எடுத்து அத்தை முன்னால் தட்டில் வைத்து, முள்கரண்டியால் நகம் வெளுக்க அழுத்தினேன். எடுத்தேன். இட்லி சிரித்துக்கொண்டே எழும்பியது.

"பாத்தீங்களா அத்த?"

"பாத்தேன் பாத்தேன். மாவு சூப்பரா பொங்கியிருக்கு. என்னா அரிசி செல்வி போட்ட?" என்றாள் அத்தை.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டிலில் அப்பாவுக்கும் தோள் குலுங்கியது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயந்திரம்தான் அது தோன்றியது. எங்கள் இல்லத்தில் மசித்த மீனை மீன் மாதிரியே அச்சில் ஊற்றிக் கொடுப்போம். என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்தால்தான் மனிதருக்கு வாய் திறக்கும். நான்கு இட்லியைப் பிட்டு, பருப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து, பவுடர் கலந்து, எண்ணெய் தடவிய இட்லித் தட்டின் குழியிலேயே ஊற்றி வைத்தேன். அரைமணி கழித்துக் கவிழ்த்தேன். பார்வைக்கு இட்லி. முள்கரண்டியால் அழுத்தினேன். நசுங்கியது, எழும்பவில்லை. மேலே துளி நெய், பக்கத்தில் வடிகட்டிய கெட்டிச் சாம்பார்.

அப்பா வெகுநேரம் தட்டைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஒரு கரண்டி. விழுங்கினார். இருமவில்லை.

"இது நம்ம வூட்டு இட்லி இல்லியே."

"இட்லிதாம்பா. நம்ம வூட்டு மாவுதான்."

"பொய் சொல்ற." இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தார். "இதான் ஒனக்கு அங்க வேலையா?"

"ஆமாம்பா."

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. நானும் குமரனைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடம் என்று பூசி மெழுகி வைத்திருந்தேன். அவர் தெருவில் எல்லோரிடமும் மகள் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கஷ்டமான வேலைதான்" என்றார். "ஒனக்கோசரம் சாப்புடறேன், போ." அன்றைக்குத் தட்டில் வைத்த இரண்டு இட்லியையும் முடித்தார். டியூப் வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரத்தில் செல்விக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். முள்கரண்டியை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

6

அதற்குப் பிறகு எட்டு மாதம். தினமும் என் இடைவேளையில் வீடியோ. நான் கேட்காமலே செல்வி தட்டைக் கேமராவுக்கு முன்னால் காட்டுவாள், முள்கரண்டியால் அழுத்தியும் காட்டுவாள். "பாருங்கண்ணி, எழும்பல." நான் தலையசைப்பேன். ஒரு கரண்டி ஊட்டுவாள். அப்பா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அதை வாங்குவார். "எப்பிடிப்பா இருக்க?" என்றால் "ம்" என்பார். "சாப்பாடு புடிக்குதா?" என்றால் சுவரைப் பார்ப்பார். பத்து நிமிஷத்தில் என் இடைவேளை முடிந்துவிடும்.

அவருக்கு என்மேல் கோபம் என்றுதான் நினைத்தேன். வாய்க்கு ருசியாக ஒன்றும் தரவிடாமல் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு காவல் காக்கிறவள்மேல் கோபம் வராமல் இருக்குமா? வரட்டும், உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

ஐப்பசி மழையில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. விழுங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே மணி நேரத்தில் போய்விட்டார். மழைக்காலம், வைத்திருக்க முடியாது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தது காரியத்துக்குத்தான். என் மகன் இரண்டு வரி ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினான். வீட்டுக்காரர் விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, "சாப்ட்டுக்க" என்றார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

7

முந்தாநாள் வருஷப் படையல். என் இடைவேளையில் கூப்பிட்டேன். அப்பா படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. இலையில் வடை, பாயசத்தோடு ஆறு இட்லி, பக்கத்தில் காரச் சட்னி. வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். குமரன் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தான்.

"அப்பாவுக்கு இப்பவாவது நெஜ இட்லி கெடச்சுதே" என்று சொன்னேன். தமாஷாகத்தான் சொல்ல நினைத்தேன்.

குமரன் செல்வியைப் பார்த்தான். செல்வி அவனைப் பார்த்தாள். "சொல்லிடு" என்றான் அவன்.

"அண்ணி, கோச்சிக்காதீங்க" என்று செல்வி ஆரம்பித்தாள். நான் ஊருக்குத் திரும்பிய இரண்டாம் மாதமே டாக்டர் அப்பாவின் தொண்டையைச் சோதித்துப் பார்த்தாராம். நன்றாகத் தேறியிருக்கிறது, ஆள் பக்கத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணமாகவே கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அப்பா நிஜ இட்லிதான் சாப்பிட்டிருக்கிறார். சட்னியோடு, காலையில் மூன்று, ராத்திரி இரண்டு.

"அப்பறம் எனக்கு தெனம் காமிச்சது?"

"அது ஒங்களுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சு வெப்பேன் அண்ணி. மாமாதான் சொன்னாரு. அவ அங்க ஒண்டியா கெடந்து பயப்படறா, நம்ம சொன்னா நம்பமாட்டா, தெனம் கெடந்து பதறுவா, அவளுக்கு அதயே காட்டுங்கன்னு. ஒங்க முன்னாடி அந்த ஒரு கரண்டி வாங்கிக்குவாரு."

ஏழு மாதம். ஒரு நாள் தவறாமல் இட்லியை ஊறவைத்து, அரைத்து, சல்லடையில் தேய்த்து, அச்சில் ஊற்றி, ஒரு கரண்டிக்காக. செல்விக்கு இருக்கிற வேலையில். எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி என்றும் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் ஒரு பக்கமாக இருந்திருக்கிறார்கள், நான் மட்டும் கேமராவின் இந்தப் பக்கம்.

"எங்கிட்ட கோவமாவே இருந்தாரே செல்வி" என்றேன்.

"ஐயோ, கோவமா? அது சிரிப்ப அடக்கறதுக்கு அண்ணி. நீங்க ரொம்ப அக்கறயா எழும்புதா எழும்பலயான்னு கேப்பீங்கல்ல, அவருக்கு தாங்காது. அதான் மூஞ்ச உம்முனு வெச்சிக்கினு சொவத்த பாப்பாரு. போன வெச்சதும் குலுங்கி குலுங்கி சிரிப்பாரு. கண்ணுல தண்ணி வர சிரிப்பாரு."

ஏழு மாதம் நான் பார்த்தது அந்த உம்மென்ற முகத்தை மட்டும்தான். கண்ணை மூடினால் எனக்கு வருவதும் அதுதான். நான் போனை வைத்த பிறகு வந்த முகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"அப்பிடி சிரிக்கறப்ப ஒரு போட்டோகூடவா எடுக்கல?" என்று கேட்டேன்.

செல்வி அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்கல அண்ணி" என்றாள். "நீங்க பாத்துடுவீங்கன்னுதான் எடுக்கல."